வெளிநாட்டில் கல்யாணம்: நெல்லையில் இருந்து கிளம்புமுன் சேர்க்க வேண்டிய காகிதங்கள்

துபாய், சிங்கப்பூர், லண்டன் என்று எங்கே திருமணம் நடப்பதாக இருந்தாலும் நம்மூர்க்காரர்கள் முதலில் தேடிப் போவது, காகிதங்களுக்கு அரசு முத்திரை வாங்கித் தரும் அட்டஸ்டேஷன் ஏஜெண்டைத்தான். அது கடைசிக்கு முந்தின வேலை. பெயரும் ஊரும் தேதியும் ஒத்துப்போகாத காகிதங்களுக்கு முத்திரை வாங்கினால், தப்பான காகிதத்துக்கு முத்திரை கிடைக்கும், அவ்வளவுதான். வெளிநாட்டுப் பதிவாளருக்கு உங்களையும் தெரியாது, உங்கள் தெருவையும் தெரியாது. மேசைமேல் வைத்த நாலு காகிதமும் ஒரே ஆளைத்தான் சொல்கின்றனவா என்று மட்டும் பார்ப்பார். கையில் ஆறு மாதம் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஜெர்மனி என்றால் ஒரு வருடம்.

எந்த வழியில் கல்யாணம்?

மூன்று வழி உண்டு. அந்த நாட்டுச் சட்டப்படி அங்குள்ள பதிவாளர் முன்னால் செய்வது ஒன்று. அந்த நாட்டில் இருக்கும் இந்தியத் தூதரகத்தில், 1969-ஆம் வருட வெளிநாட்டுத் திருமணச் சட்டப்படி செய்வது இரண்டாவது. மூன்றாவது, ஊரிலேயே தாலி கட்டி, பதிவு செய்து, அந்தச் சான்றிதழை வெளிநாட்டுக்கு எடுத்துப் போவது.

இரண்டு பேரும் இந்தியக் குடிமக்கள், மாப்பிள்ளைக்கு மூன்று வார லீவு கிடைக்கும் என்றால் மூன்றாவது வழிதான் செலவும் அலைச்சலும் குறைந்தது. 2009-ஆம் வருடத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி கல்யாணம் நடந்த 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் 150 நாள் வரை. ஆனால் ஒருவர் வெளிநாட்டுக் குடிமகனாக இருந்தாலோ, விசா வகையே அங்கே போய்க் கல்யாணம் செய்யச் சொன்னாலோ, லீவே கிடைக்காவிட்டாலோ, முதல் இரண்டு வழிகளில் ஒன்றுக்குத்தான் வந்தாக வேண்டும்.

எந்த வழி என்று முடிவானதும் கல்யாணத்தைப் பதியப் போகும் அந்த அலுவலகத்துக்கே மின்னஞ்சல் அனுப்பி, 'இந்தியக் குடிமகனிடம் என்னென்ன கேட்பீர்கள், ஒவ்வொன்றும் எத்தனை மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும், மொழிபெயர்ப்பு யார் செய்ய வேண்டும்' என்று மூன்றையும் கேட்டு, பதிலை அச்செடுத்து வையுங்கள். ஒரே நாட்டில் ஊருக்கு ஊர் பட்டியல் மாறும். போன வருடம் பக்கத்துத் தெருப் பையன் கொடுத்த பட்டியல் உங்களுக்குப் பொருந்தும் என்று நம்ப வேண்டாம்.

பெயர்: இங்கேதான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள்

ஓர் உதாரணம். பிறப்புச் சான்றில் 'இசக்கிமுத்து', அப்பா பெயர் 'சுடலைமுத்து'. பள்ளிக்கூடத்தில் 'எஸ். இசக்கிமுத்து'. ஆதாரில் எஸ் பின்னால் போய் 'இசக்கிமுத்து எஸ்'. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும் என்பதால் சொந்தப் பெயர் இசக்கிமுத்து, குடும்பப் பெயர் சுடலைமுத்து. நமக்கு இது நாலும் ஒரே ஆள் என்பதில் சந்தேகமே வராது. வெளிநாட்டு எழுத்தர் பார்ப்பது, குடும்பப் பெயரே இல்லாத ஒரு குழந்தையின் பிறப்புச் சான்றையும், சுடலைமுத்து என்ற குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரின் பாஸ்போர்ட்டையும்.

அதற்கு மேல் ஆங்கில எழுத்துக்கூட்டு. நம் பக்கத்துப் பெயர்களுக்கு இது தனித் தலைவலி. இசக்கியை ஐ-யில் தொடங்குபவர் உண்டு, ஈ-யில் தொடங்குபவர் உண்டு, எஸ் ஒன்றா இரண்டா என்பது அவரவர் வாத்தியார் விருப்பம். பேச்சிமுத்துவில் சிலருக்கு நடுவில் ஒரு டி வந்து உட்கார்ந்திருக்கும். சுடலை சிலருக்கு எஸ்-ஸில், சிலருக்கு சி-ஹெச்-சில். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றில் ஒன்று, பாஸ்போர்ட்டில் இன்னொன்று என்று இருந்தால், கல்யாணத்துக்கு ஆதாரம் பாஸ்போர்ட்தான் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மற்ற காகிதங்களை அதற்குப் பொருத்த வேண்டும். கல்யாண நேரத்தில் பாஸ்போர்ட்டை மற்றதற்குப் பொருத்தக் கிளம்பாதீர்கள். விசா, வேலை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு எல்லாம் பழைய பாஸ்போர்ட் பெயரில் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஒரு விதிவிலக்கு: பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்து குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அதை முதலிலேயே சரிசெய்யுங்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய், சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பெயர் தெரியவில்லை' என்பதைக் குறிக்கும் மூன்று எழுத்து அச்சாகும். அதே மூன்று எழுத்து கல்யாணச் சான்றிதழிலும் ஏறிவிட்டால் எடுப்பது லேசில்லை.

இனிஷியல் வித்தியாசத்துக்கு மருந்து, 'இருவரும் ஒருவரே' என்ற உறுதிமொழிப் பத்திரம். நோட்டரி முன்னால் முத்திரைத்தாளில் எழுதி வாங்குவது. அதைப் பொதுவாக எழுதினால் பயனில்லை. எந்தக் காகிதம், எந்த எண், அதில் பெயர் எப்படி இருக்கிறது என்று வரிவரியாக வர வேண்டும்: 'என் பிறப்புச் சான்றில் இசக்கிமுத்து என்றும், பாஸ்போர்ட்டில் இசக்கிமுத்து சுடலைமுத்து என்றும் குறிக்கப்பட்டிருப்பவர் நான் ஒருவனே, சுடலைமுத்து என்பது என் தந்தையின் பெயர், தமிழ் வழக்கப்படி அது குடும்பப் பெயரின் இடத்தில் எழுதப்பட்டுள்ளது.' கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள், வெளிநாட்டு எழுத்தருக்குப் புரிய வைப்பது அதுதான். பெயரே முழுதாக வேறு என்றால், வீட்டில் கூப்பிட்ட பெயர் சான்றில் ஏறியது போன்ற கேஸ் என்றால், உறுதிமொழி போதாது. தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு, அதன் பிரதியைச் சேர்க்க வேண்டும்.

பெண் வீட்டாருக்கு ஒன்று. கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளை பெயரைப் பின்னால் சேர்த்துப் பாஸ்போர்ட் எடுத்துவிடலாமா என்று கேட்பார்கள். கூடாது. திருமணமாகாதவர் சான்றும் பிறப்புச் சான்றும் அப்பா பெயரில் இருக்கும். பாஸ்போர்ட் மட்டும் கணவர் பெயரில் இருந்தால் ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது என்றுதானே அர்த்தம்?

பிறப்புச் சான்றும் பிறந்த ஊரும்

பிறப்பு, அது நடந்த இடத்தில்தான் பதிவாகும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் அப்பா ஊர் ராதாபுரமாக இருந்தாலும் பதிவு அம்மா ஊரில் கிடக்கும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் பிறந்தவர்களுக்குப் பதிவு மாநகராட்சியில். 'எங்க ஊர் தாலுகா ஆபீஸ்ல தேடிப் பாத்தாச்சு, இல்லை' என்கிறவர்களில் பலர் தேடியது தப்பான ஊரில். கிராமங்களின் பழைய பதிவேடுகள் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். பதிவுத்துறை இணையதளத்தில் விண்ணப்பித்துப் பிரதி வாங்கலாம். அண்மைக் காலப் பதிவுகள் தமிழக அரசின் பிறப்பு இறப்புப் பதிவு இணையதளத்தில் கிடைக்கும்.

வீட்டுப் பீரோவில் இருக்கும் பழைய சான்றை நம்பாமல் புதுப் பிரதி வாங்கச் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. பழையவற்றில் பல கையெழுத்தில், தமிழில் மட்டும் இருக்கும். குழந்தையின் பெயரே இருக்காது. பெயர் வைக்குமுன் பதிந்தது. பெயர் சேர்க்க அதே பதிவு அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். மூன்றாவது, சான்று கொடுத்த அலுவலகமே இன்று இல்லாமல் போயிருக்கலாம். பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகள் எல்லாம் 1994-ல் திருநெல்வேலி மாநகராட்சிக்குள் போய்விட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக லேமினேஷன். நம் ஜெராக்ஸ் கடைக்காரர்கள் அக்கறையாக லேமினேட் செய்து கொடுத்த சான்றின் பின்பக்கத்தில் அபோஸ்டில் வில்லையும் (காகிதம் வெளிநாட்டில் செல்லுவதற்காக வெளியுறவு அமைச்சகம் ஒட்டுவது) ஒட்டாது, முத்திரையும் பதியாது. பிளாஸ்டிக்கை உரிக்கப் போனால் எழுத்தும் சேர்ந்து வரும்.

பதிவே இல்லை என்றால், பதிவில்லாச் சான்று வாங்கி, வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) உத்தரவு பெற்று, தாமதப் பதிவு செய்ய வேண்டும். இதற்கு மட்டும் இரண்டு மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

மாவட்டப் பெயர் நம் சீமைக்கே உரிய சிக்கல். 1986 அக்டோபரில் தூத்துக்குடி தனி மாவட்டமானது; மிச்சம் நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் ஆனது. 1997-ல் மாவட்டங்களில் இருந்து தலைவர்களின் பெயர்களை எடுத்தபோது மறுபடி திருநெல்வேலி. 2019 நவம்பர் 22-ல் தென்காசி பிரிந்தது. ஆகவே 1991-ல் ஆலங்குளத்தில் பிறந்தவரின் சான்றில் ஒரு மாவட்டம், பத்து வருடத்துக்கு முன் எடுத்த பாஸ்போர்ட்டில் ஒன்று, இன்றைய ஆதாரில் ஒன்று. ஆள் ஊரை விட்டு நகரவே இல்லை. பெயருக்கு எழுதும் அதே உறுதிமொழிப் பத்திரத்தில் இதையும் ஒரு பத்தியாகச் சேர்த்துவிடுங்கள்: 'இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ள ஆலங்குளமும், என் பிறப்பு பதிவான 1991-ல் நெல்லை கட்டபொம்மன் மாவட்டத்தில் இருந்த ஆலங்குளமும் ஒரே ஊர்.'

பிறந்த தேதி தனிக் கதை. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வயது பத்தவில்லை என்று வாத்தியார் மே மாதத்துக்கு மாற்றிய தேதிதான் பலருக்கு மதிப்பெண் சான்றிலும் அதன் வழியாகப் பாஸ்போர்ட்டிலும் ஏறியிருக்கிறது. பிறப்புச் சான்றும் பாஸ்போர்ட்டும் தேதியில் மோதினால் எந்த உறுதிமொழியும் காப்பாற்றாது. பிறப்புச் சான்றை வைத்துப் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்துகொண்டு பிறகு மற்றதைப் பாருங்கள்.

திருமணமாகாதவர் சான்று

வெளிநாடு போகிறவர்களுக்கு இதுதான் மையக் காகிதம். இரண்டு வடிவம் உண்டு. பெரும்பாலும் இரண்டுமே தேவைப்படும்.

ஒன்று வருவாய்த்துறை தருவது. இ-சேவை மையத்தில் விண்ணப்பம், கட்டணம் 60 ரூபாய். முதலில் குடிமக்கள் கணக்கு எண் வேண்டும். மையத்தில் கேன் நம்பர் என்பார்கள். போட்டோ, ஆதார், ரேஷன் கார்டு, கையெழுத்திட்ட சுய உறுதிமொழி ஆகியவை போதும். கேன் நம்பர் பதியும்போது பெயரை பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள். ஆதாரில் இருப்பதைப் பார்த்து அவர்களாக அடித்துவிடுவார்கள், சான்றிலும் அதுவே வரும். விண்ணப்பம் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) கடந்து தாலுகா அலுவலகத்துக்குப் போகும். விஏஓ விசாரணைக்கு வருகிற அன்று பக்கத்து வீட்டு ஆச்சியிடம் சொல்லி வைப்பது நல்லது. 'ஆமா அண்ணாச்சி, அந்தப் பையனுக்குத்தான் எல்லாம் பேசி முடிச்சாச்சே' என்று சந்தோஷத்தில் சொல்லப்போய், பேசி முடித்ததா கட்டி முடித்ததா என்று விண்ணப்பம் ஒரு வாரம் அப்படியே கிடக்கும்.

இந்தச் சான்று டிஜிட்டல் கையெழுத்தோடு வரும். பேனாவால் போட்ட கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும்தான் வேண்டும் என்று சில வெளிநாட்டு அலுவலகங்கள் அடம்பிடிக்கும் என்பதால், முன்பு சொன்ன மின்னஞ்சலில் அதையும் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று உறுதிமொழி வடிவம். 'எனக்கு இதுவரை திருமணம் ஆகவில்லை' என்று நீங்கள் ஒன்று, 'என் மகனுக்கு ஆகவில்லை' என்று அப்பா அல்லது அம்மா ஒன்று, நோட்டரி முன்னால். யாரைக் கட்டப்போகிறீர்களோ அவர் பெயர், நாடு, பாஸ்போர்ட் எண் ஆகியவற்றையும் இதில் எழுதச் சொல்லும் நாடுகள் உண்டு.

பத்து வருடமாகக் குவைத்தில் இருக்கும் ஒருவருக்கு அந்தப் பத்து வருடத்தில் அங்கே கல்யாணம் ஆகவில்லை என்று நாங்குநேரி விஏஓ எப்படிச் சொல்வார்? ஊரில் இருந்தவரைக்குத்தான் சொல்ல முடியும். அதனால் வெளிநாட்டில் இருந்த காலத்துக்கு அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சத்தியப் பிரமாணம் கொடுத்துத் தனிச் சான்று வாங்க வேண்டும். ஊர்ச் சான்று ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பி வருகிறவர்கள் நிறைய.

இந்தச் சான்றை மட்டும் சீக்கிரம் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். பொதுவாக மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு மேல் பழையதை ஏற்க மாட்டார்கள். சென்னை, தூதரகம், மொழிபெயர்ப்பு என்று சுற்றுவதற்குள் பாதி ஆயுள் போய்விடும். பிறப்புச் சான்று, பெயர்ப் பிரச்சினை எல்லாம் தீர்ந்தபின் கடைசியாக இதற்கு எழுதிக் கொடுங்கள்.

சர்ச் லெட்டர், ஜமாஅத் லெட்டர் பற்றி ஒரு சொல். பாளையங்கோட்டை குருவானவர் தரும் கடிதமும், மேலப்பாளையம் அல்லது கடையநல்லூர் ஜமாஅத் தரும் கடிதமும் சமயச் சடங்குக்கு அவசியம். அங்குள்ள கத்தோலிக்கப் பங்கில் கல்யாணம் என்றால் புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்றும், ஓலை வாசித்ததற்கான (கோயிலில் திருமண அறிவிப்புச் செய்ததற்கான) கடிதமும் கேட்பார்கள். ஆனால் அரசுப் பதிவாளர் முன்னால் அவை தாலுகா அலுவலகச் சான்றுக்கு மாற்றாகாது.

முன்பு திருமணம் ஆனவர்கள்

விவாகரத்து என்றால் நீதிமன்றத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டும், மேல்முறையீட்டுக் காலமும் முடிந்திருக்க வேண்டும். இந்துத் திருமணச் சட்டத்தில் அது 90 நாள். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அத்து எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட பத்திரம் எத்தனை ரூபாய் முத்திரைத்தாளில் இருந்தாலும் வெளிநாட்டில் செல்லாது. அதை நம்பி 'திருமணமாகாதவர்' என்று சான்று வாங்குவது பொய்யுறுதிமொழி. அத்து எழுதிய பலரும் இதை அறியாமலே செய்கிறார்கள். முறையாகக் குடும்பநல நீதிமன்றத்துக்குப் போய்த்தான் தீர வேண்டும்.

துணையை இழந்தவர்கள் இறப்புச் சான்று, முந்தைய திருமணச் சான்று இரண்டையும் எடுக்க வேண்டும். முந்தைய திருமணம் பதிவாகாமல் இருந்தால் வாரிசுச் சான்றில் கணவன் மனைவி உறவு குறிக்கப்பட்டிருப்பது உதவும்.

மாமன் மகள், அக்கா மகள்

முறைப்பெண்ணைக் கட்டுகிறவர்கள் இதை விசா எடுக்குமுன் பார்க்க வேண்டும். நமக்கு உரிமையாக இருக்கும் உறவு சில நாடுகளில் குற்றம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு: கலிபோர்னியாவும் நியூயார்க்கும் அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தை அனுமதிக்கின்றன, டெக்சாஸ் தடுக்கிறது. பிரிட்டனில் மாமன் மகளைக் கட்டலாம். அக்கா மகளைக் கட்டினால் திருமணமே செல்லாது. மலேசியாவில் 1976-ஆம் வருடத் திருமணச் சட்டமே, இந்து வழக்கப்படி ஒருவர் தன் சகோதரி மகளை மணப்பதற்குத் தடையில்லை என்று எழுதி வைத்திருக்கிறது. அங்கே தோட்டம் வெட்டப் போனவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பது அந்த வரியிலேயே தெரிகிறது.

இந்தியத் தூதரகத்தில் செய்தால், தடுக்கப்பட்ட உறவுகளில் மாமன் மகளும் வருவாள். ஆனால் இருவரில் ஒருவருடைய வழக்கம் அனுமதித்தால் போதும் என்று சட்டம் விலக்குத் தருகிறது. அந்த வழக்கத்தைச் சொல்லும் உறுதிமொழியைப் பெற்றோரிடம் வாங்கி வைத்திருங்கள்.

முத்திரை

இந்தியா 2005 ஜூலை 14 முதல் ஹேக் அபோஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஓமன், பஹ்ரைன் முன்பே இருப்பவை. சிங்கப்பூர் 2021 செப்டம்பரிலும், சவூதி 2022 டிசம்பரிலும், கனடா 2024 ஜனவரியிலும் வந்தன. இந்த நாடுகளுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அபோஸ்டில் வில்லை ஒன்றே போதும். தூதரகம் போக வேண்டாம். அமீரகம், கத்தார், குவைத் ஆகியவற்றுக்கு அமைச்சக முத்திரைக்குப் பின் அந்தந்தத் தூதரக முத்திரை, அங்கே போனபின் அந்த நாட்டு வெளியுறவு அமைச்சக முத்திரை என்று மூன்று படி. பழைய பட்டியலை வைத்துக்கொண்டு சிங்கப்பூருக்கும் தூதரக முத்திரை என்று பணம் பிடுங்கும் ஏஜெண்டுகள் இன்னும் இருக்கிறார்கள்.

வரிசை இதுதான்: நோட்டரி உறுதிமொழியோ வருவாய்த்துறைச் சான்றோ முதலில் மாநில அரசின் சான்றொப்பம் பெற வேண்டும், பிறகு வெளியுறவு அமைச்சகம். அமைச்சகம் நேரில் காகிதம் வாங்காது, அது நியமித்த சேவை நிறுவனங்களின் கவுண்ட்டரில் கொடுக்க வேண்டும். சென்னையிலேயே முடியும், டெல்லி போகத் தேவையில்லை. அபோஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் காகிதம் ஒன்றுக்கு 50 ரூபாய்தான். அதற்கு மேல் சேவைக் கட்டணம் கொஞ்சம். ஒரு காகிதத்துக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறவர்களிடம் அரசுக் கட்டணம் எவ்வளவு, உங்கள் கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள், தொகை தானாக இறங்கும்.

மொழிபெயர்ப்பை எப்போது செய்வது என்பதில் தவறு நடக்கும். அமீரகத்துக்கு அரபி மொழிபெயர்ப்பு அங்குள்ள சட்ட மொழிபெயர்ப்பாளர் செய்தால்தான் செல்லும். எல்லா முத்திரையும் விழுந்த பிறகு, முத்திரைகளையும் சேர்த்து. இங்கேயே அரபியில் செய்து எடுத்துப் போனால் காசு வீண்.

நாட்டுக்கு நாடு

சிங்கப்பூரில் திருமணப் பதிவகத்தில் ஆன்லைனில் நோட்டீஸ் கொடுத்து 21 நாள் காத்திருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். 21 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள். வொர்க் பெர்மிட்டில் இருப்பவர், முன்பு இருந்தவரும் கூட, சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ கட்டுவதானால் மனிதவள அமைச்சின் முன் அனுமதி வேண்டும். கல்யாணத்தை நெல்லையில் வைத்துக்கொண்டாலும் இந்த விதி பொருந்தும். மீறினால் பெர்மிட் ரத்து, திரும்ப நுழையவும் தடை. எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் காரர்களுக்கு இது கிடையாது.

அமீரகத்தில் முஸ்லிம் அல்லாதவர்களுக்குச் சிவில் திருமணம் இப்போது உண்டு: அபுதாபியில் 2021 முதல், கூட்டாட்சி அளவில் 2023 பிப்ரவரி முதல். முஸ்லிம்களுக்கு ஷரீஅத் நீதிமன்றம், பெண்ணின் வலீ (பொறுப்பாளர்), இரண்டு சாட்சிகள், திருமணத்துக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனை. வலீயாக வர வேண்டிய அத்தா ஊரில் இருந்தால் அவர் கொடுக்கும் அதிகாரப் பத்திரமும் மேலே சொன்ன மூன்று முத்திரையும் பெற வேண்டும். இதை மறந்துவிட்டுத் தேதி குறிக்கிறார்கள்.

அமெரிக்காவில் காகிதம் குறைவு: கவுண்டி அலுவலகத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டி உரிமம் வாங்கினால் போதும். நியூயார்க்கில் 24 மணி நேரம், டெக்சாஸில் 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும். கலிபோர்னியாவில் காத்திருப்பே இல்லை. சிரமமெல்லாம் விசாவில். நிச்சயித்தவருக்கான கே-1 விசாவுக்கு இருவரும் கடந்த இரண்டு வருடத்துக்குள் நேரில் பார்த்திருக்க வேண்டும். அமெரிக்கா போய் இறங்கியதில் இருந்து 90 நாளுக்குள் அதே ஆளைக் கட்ட வேண்டும். பெண் பார்க்க வந்த அன்று எடுத்த போட்டோவும் விமான டிக்கெட்டும் இங்கே சட்ட ஆவணங்கள்.

பிரிட்டனுக்குச் சுற்றுலா விசாவில் போய்க் கல்யாணம் செய்ய முடியாது. திருமணப் பார்வையாளர் விசா தனியாக உண்டு. ஏழு நாள் அந்தப் பகுதியில் தங்கி நோட்டீஸ் கொடுத்து 28 நாள் காத்திருக்க வேண்டும். உள்துறை விசாரிக்க நினைத்தால் அது 70 நாள் ஆகும். மண்டபம் பிடிப்பதற்கு முன் 70 நாளாகவே கணக்குப் போடுங்கள். ஆஸ்திரேலியாவில் குறைந்தது ஒரு மாதம் முன்பு நோட்டீஸ். அதை இங்கிருந்தே கையெழுத்திட்டு அனுப்பலாம்.

ஜெர்மனி கடினம். இந்தியா அபோஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்ததற்கு ஆட்சேபம் தெரிவித்த நாடு அது. அங்கே கேட்கும் திருமணத் தகுதிச் சான்றை இந்தியாவில் எந்த அலுவலகமும் தருவதில்லை. அதில் இருந்து விலக்கு தர மேல் மாநில நீதிமன்றத்துக்குக் கோப்பு போகும். ஜெர்மன் துணைத் தூதரகம் ஒரு வழக்கறிஞரை நியமித்து, பிறப்புப் பதிவேட்டையும் ஊரையும் நேரில் சரிபார்க்கும். வீட்டுக்கு ஆள் வந்தால் மோசடிக்காரன் என்று விரட்டாமல் இருக்க வீட்டாரிடம் முன்னரே சொல்லுங்கள். இதற்கெல்லாம் பயந்து பலரும் டென்மார்க் போகிறார்கள். அங்கே குடும்பச் சட்ட முகமை தரும் சான்று நான்கு மாதம் செல்லும்.

வளைகுடாவில் வேலை பார்த்து பிலிப்பைன்ஸ் பெண்ணைக் கட்டுகிறவர்கள் பிலிப்பைன்ஸில் உள்ள இந்தியத் தூதரகத்தில் திருமணத் தகுதிச் சான்று வாங்க வேண்டும். பிறகு நகராட்சியில் 10 நாள் அறிவிப்பு. உரிமம் 120 நாள் செல்லும்.

இந்தியத் தூதரகத்தில் திருமணம்

இருவரில் ஒருவராவது இந்தியக் குடிமகன், ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18. நோட்டீஸ் கொடுக்கும் முன் ஒருவர் அந்த நாட்டில் தொடர்ந்து 30 நாள் வசித்திருக்க வேண்டும். நோட்டீஸ் வெளியிட்டபின் ஆட்சேபத்துக்கு 30 நாள். ஆகக் குறைந்தது இரண்டு மாதம். ஆறு மாதத்துக்குள் நடக்காவிட்டால் புது நோட்டீஸ். மூன்று சாட்சிகள், மூவருக்கும் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், ரூம் தோழர்கள் கம்பெனியில் பாஸ்போர்ட்டை ஒப்படைத்திருந்தால் முன்பே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். நோட்டீஸ் இந்தியாவிலும் வெளியாகும், ஊரில் தெரியாமல் செய்ய நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது.

திருமணத்துக்குப் பிறகு

விழா முடிந்து கையில் கொடுக்கும் அழகான சான்றிதழ் பல நாடுகளில் நினைவுப் பொருள் மட்டுமே. ஆஸ்திரேலியாவில் மாநிலப் பிறப்பு இறப்புத் திருமணப் பதிவகம் தருவதுதான் செல்லுபடியாகும். அமெரிக்காவில் கவுண்டி தரும் சான்றிட்ட நகல். இரண்டு மூன்று நகல் வாங்கி, அந்த நாட்டிலேயே அபோஸ்டில் செய்து கொண்டு வாருங்கள். இந்தியா வந்தபின் அதை இங்கே செய்ய வழியில்லை. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில், வெளிநாட்டுத் திருமணச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி அந்தத் திருமணத்தைப் பதிந்துகொள்வதும் நல்லது.

பிறகு வருவது நம்மூர் வழக்கம். லண்டனில் பிப்ரவரியில் பதிவு. வைகாசியில் திருச்செந்தூரில் தாலி. சார்பதிவாளர் அலுவலகத்தில் அதையே திருமணத் தேதியாகப் போட்டு இன்னொரு சான்றிதழ். தாலி கட்டுவதில் தவறில்லை, ஊரைக் கூட்டிச் சாப்பாடு போடுவதிலும் இல்லை. அதை இரண்டாவது கல்யாணமாகப் பதிவதுதான் தவறு. அந்தப் படிவத்தில் மணமாகாதவர் என்று டிக் அடித்தால் பொய். விசா அதிகாரி முன்னால் இரண்டு தேதி வந்தால், எந்தத் தேதி உண்மை என்ற கேள்விக்கு எந்தப் பதிலும் எடுபடாது. சட்டப்படி ஒரே தேதி, முதல் தேதி. கோயிலில் கட்டுவதற்குப் பத்திரிகை அடிக்கும்போதே அதை மனதில் வையுங்கள், ஏனென்றால் அந்தப் பத்திரிகையையும் சில தூதரகங்கள் கேட்கும்.

அந்தத் தேதிதான் மேலும் பல இடங்களில் வரும். மனைவி வெளிநாட்டுக்காரர் என்றால் ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டைக்கு, பதிவான திருமணம் தொடர்ச்சியாக இரண்டு வருடம் நீடித்திருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் துணையின் பெயரைச் சேர்ப்பது மறுவெளியீடு. திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவை மையத்திலேயே செய்யலாம். அப்போது துணையின் பெயரை அவருடைய பாஸ்போர்ட்டில் உள்ளபடியே அடியுங்கள். அவர் குடும்பப் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று மாற்றிப் போட்டுவிட்டால், இசக்கிமுத்துவுக்கு நேர்ந்தது அவருக்கும் நேரும்.